கடைவாய்ப் பல்லுக்குப் பத்துப் பை

திருப்பூரில் வேஸ்ட் என்று ஒன்று கிடையாது என்பது லிங்கசாமியின் கொள்கை. பிழைப்பும் அதுதான். பனியன் கம்பெனிகளில் கட்டிங் மேஜைக்குக் கீழே விழுகிற துண்டுத் துணியை எடைக்கு வாங்கி, வெள்ளையை ஒரு பக்கம், கலரை ஒரு பக்கம் பிரித்து மூட்டை கட்டி, மெஷின் துடைக்கிறவனுக்கும் மெத்தை அடைக்கிறவனுக்கும் விற்று, அதிலேயே நல்லூரில் குடோனும் மாடி வீடும் ஒரு அம்பாசடர் காரும் வாங்கியிருந்தார். கல்யாணத்துக்குப் போனால் ஊரே மணமேடையைப் பார்க்கும். அவர் கண் மட்டும் பந்தி முடிந்து இலை போகிற வழியைப் பார்க்கும்.

அப்பேர்ப்பட்ட மனிதரை 1993-ஆம் வருஷத்து ஐப்பசியில் ஒரு கடைவாய்ப் பல் வந்து மூலையில் உட்கார வைத்துவிட்டது. அதுவும் அவருடைய பல் இல்லை. மகனுடையது.

மகன் குமாரசாமிக்கு இருபத்தாறு வயது. நல்ல உயரம், நல்ல குணம். ஒரே ஒரு சங்கடம், ரத்தம் வந்தால் நிற்காது. பிறவியிலேயே ரத்தத்தில் ஏதோ ஒரு சரக்கு கம்மி. சின்ன வயதில் முழங்கால் வீங்கி வீங்கி, இப்போதும் ஒரு காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடப்பான். முகச்சவரம் என்றால் குண்டு வைத்த பாலத்தைக் கடக்கிறவன் மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்வான். இருந்தும் பெண் அமைந்துவிட்டது. பல்லடத்து நூல் வியாபாரி செங்கோட்டையனின் தம்பி மகள் மயிலாத்தாள். தகப்பன் இல்லாத பெண். பெரியப்பா செங்கோட்டையன்தான் வளர்த்தார், அவர் வைத்ததுதான் அந்த வீட்டில் சட்டம்.

மயிலாத்தாள் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். காலர் தையலில் ஒரு கண்ணி விட்டிருந்தாலும் மொத்தப் பெட்டியையும் திருப்பி அனுப்புகிறவள். மாப்பிள்ளைக்கு இப்படி ஒரு நோய் என்று சொன்னதும் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. ஒரு நாள் லீவு போட்டுக் கோயமுத்தூருக்குப் பஸ் ஏறி, அவனுக்கு வைத்தியம் பார்க்கிற பிலோமினா டாக்டரையே நேரில் பார்த்து, தன் வயிற்றில் பிறக்கப் போகிற பிள்ளைகள் வரைக்கும் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தாள். "டேமேஜ் எங்க இருக்குன்னு தெரிஞ்சே எடுக்கறேனுங்க. தெரியாம எடுக்கறவங்கதான் பொறகு அழுவாங்க" என்று பெரியப்பாவிடம் சொல்லிவிட்டாள். வெற்றிலை பாக்கு மாற்றியாகிவிட்டது. தை மாதம் கல்யாணம்.

இந்த நேரம் பார்த்துத்தான் பல் கிளம்பியது.

கன்னம் பன்னு மாதிரி வீங்கி, குமாரசாமியால் வாயைத் திறக்க முடியவில்லை. கஞ்சிதான் ஆகாரம். மயிலாத்தாள் கம்பெனியிலிருந்து போன் செய்தால் அவள் பாட்டுக்குப் பேசுவாள், இவன் "ம்" என்பான். "இப்படி மறுபேச்சு பேசாத மாப்பிள்ளை எங்கீங்க கெடைக்கும்?" என்று அவள் சிரித்தால் அதற்கும் ஒரு "ம்".

பிலோமினா டாக்டர் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு லிங்கசாமியைத் தனியே கூப்பிட்டார்.

"பல்லை எடுத்தே ஆகணும். சீழ் தாடைக்கு இறங்குது. விட்டா உயிருக்கு ஆபத்து. எடுத்தா ரத்தம் நிக்காது, அதுவும் உயிருக்கு ஆபத்து."

"ரெண்டு பக்கமும் நட்டம்னா யாவாரமே பண்ண முடியாதுங்களே, டாக்டரம்மா. நடுவுல ஒரு வழி இருக்குமில்லீங்க?"

"இருக்கு. ஃபேக்டர் எட்டுன்னு ஒரு மருந்து. உங்க பையன் ரத்தத்துல இல்லாத சரக்கு அதுதான். அதை ஏத்திட்டு எடுத்தா ரத்தம் நிக்கும்."

"இங்க ஸ்டாக்கிஸ்ட் யாருங்க?"

டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு பொறுமையாக விளக்கினார். ரத்தத்தில் சிவப்பைப் பிரித்தெடுத்தால் மேலே மஞ்சளாக நிற்கும் நீர்தான் பிளாஸ்மா. வெளிநாட்டில் ஆயிரக்கணக்கான பேருடைய பிளாஸ்மாவை ஒரே தொட்டியில் கலந்து, அதிலிருந்து ஒவ்வொரு சரக்காகப் பிரிப்பார்கள். ரத்தம் உறைவதற்கு ஒன்று, தீக்காயத்துக்கு ஒன்று, நாய்க்கடிக்கு ஒன்று. நம் நாட்டுக்கு வேண்டியது மலையளவு, கப்பலிலும் விமானத்திலும் வந்து சேர்வது கைப்பிடி. "அந்தக் கைப்பிடியும் டெல்லி, பம்பாய் தாண்டி இங்க வர்றதுக்குள்ள, மூளைக்குள்ள ரத்தம் கசியற பிள்ளைகளுக்கே பத்தறதில்லை. பல்லுக்குன்னு கேட்டா யார் குடுப்பாங்க?"

"நம்மூர்லயும்தான் ரத்தம் எடுக்கறாங்க. அந்த மஞ்சத் தண்ணி என்னாகுதுங்க?"

"பெரும்பாலான எடத்துல பிரிக்கறதே இல்லை. பிரிச்சாலும் உறைய வெச்சுக் காப்பாத்த வசதி இல்லை. தேதி முடிஞ்சா கொட்டிடுவாங்க."

லிங்கசாமி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். மகனுடைய பல் அந்த நிமிஷம் அவருக்கு மறந்தே போனது.

"கொட்டிடுவாங்களா? எங்கீங்க கொட்டறாங்க? எடத்தைச் சொல்லுங்க, நாளைக்கே வண்டி அனுப்பறேன்! மாசாமாசம் காண்ட்ராக்ட் போட்டுக்கலாம். அட்வான்ஸ் வேணும்னாலும்..."

"ஐயா, உட்காருங்க. கொட்டினதை அள்ளி மருந்தாக்க முடியாது. உறைஞ்ச பிளாஸ்மா வேணும். அந்த மாதிரி ஃபேக்டரி ஒண்ணு ஓடணும்னா ஆயிரக்கணக்கான லிட்டர் வேணும். ஒரு பல்லுக்காக எவன் தொட்டியைத் திறப்பான்?"

இது மட்டும் லிங்கசாமிக்குச் சட்டென்று விளங்கியது. ஒரு கிலோ துணிக்குச் சாயப்பட்டறைக்காரன் பாய்லர் பற்ற வைக்க மாட்டான். உலகம் பூராவும் மினிமம் குவான்டிட்டி என்று ஒன்று இருக்கிறது. வெயில் தாங்காத சரக்காகப் போய்விட்டதே என்று வருத்தப்பட்டுக்கொண்டு ஊர் திரும்பினார்.

ஆனால் சும்மா இருக்க முடியவில்லை. அவர் வேஸ்ட் எடுக்கிற கம்பெனிகளில் ஒன்றின் முதலாளி திருமூர்த்தி. அங்கே காலர் சாம்பிள் பார்க்க ஒரு ஜெர்மன்காரர் வந்து தங்கியிருந்தார். லிங்கசாமி நேராகப் போய், திருமூர்த்தியை மொழிபெயர்க்கச் சொல்லித் தன் திட்டத்தை விரித்தார். நாங்கள் உறைந்த பிளாஸ்மாவை அனுப்புகிறோம். நீங்கள் உங்கள் ஊரில் பிரித்து, எங்களுக்கு வேண்டிய சரக்கை மட்டும் திருப்பி அனுப்புங்கள். மிச்சத்தை நீங்களே வைத்துக்கொள்ளலாம். நூலைக் கொடுத்துத் துணியாக வாங்குகிற மாதிரி, சுத்தமான ஜாப் ஒர்க்.

ஜெர்மன்காரர் முதலில் எந்த மிருகத்தின் ரத்தம் என்று கேட்டார். விஷயம் புரிந்ததும் காலரைக் கீழே வைத்தார். தானும் தன் ஊரில் வருஷத்துக்கு இரண்டு முறை ரத்தம் கொடுக்கிறவன்தான் என்றார். ஆனால் அவர்கள் நாட்டுக்கே பிளாஸ்மா போதாதாம், அமெரிக்காவிலிருந்து வாங்குகிறார்களாம்.

"பனியனுக்கு எங்ககிட்ட வர்றீங்க, மஞ்சத் தண்ணிக்கு அமெரிக்காக்காரங்கிட்டப் போறீங்க. உங்க ஊர்ல என்னதாங்க வெளையுது?" என்றார் லிங்கசாமி.

திருமூர்த்தி அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.

டாக்டர் எழுதிக் கொடுத்தால் அடுத்த சீசனில் வரும்போது கொஞ்சம் மருந்து வாங்கி வர முயல்வதாக ஜெர்மன்காரர் சொன்னார். அடுத்த சீசன் பங்குனியில். பல்லுக்குக் காலண்டர் தெரியுமா? அன்றைக்கே குமாரசாமிக்குக் காய்ச்சல் கண்டது.

அவனைக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிலோமினா டாக்டர் கடைசி வழியைச் சொன்னார்.

"எங்க ஆஸ்பத்திரியில பிரிக்கற மெஷினும் ஃப்ரீஸரும் இருக்கு. பத்துப் பேர் வந்து ரத்தம் குடுக்கட்டும். அன்னைக்கே பிளாஸ்மாவைப் பிரிச்சு உறைய வெச்சு, மறுநாள் மெதுவா உருக்கினா அடியில வெள்ளையா ஒரு வண்டல் நிக்கும். அதுல ஃபேக்டர் எட்டு இருக்கு. ஆளுக்கு ஒரு சின்னப் பை. பத்துப் பை இருந்தா பல்லை எடுப்பேன். ஒண்ணு கொறஞ்சாலும் தொட மாட்டேன்."

"பத்துப் பேருதானுங்களா? ப்பூ! என்ற குடோன்லயே முப்பது பேரு இருக்காங்க."

அந்தச் சந்தோஷத்தைச் சம்பந்தியிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பல்லடத்தில் நூல் கடைக் கல்லாவில் உட்கார்ந்து செங்கோட்டையன் செக்குகளைத் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். பனியன் தொழில் முழுக்க ஓடுவது அந்தக் காகிதத்தில்தான். இன்றைக்கு நூலை எடுத்துக்கொண்டு, இரண்டு மாதம் கழித்துத் தேதி போட்ட செக்கைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். போஸ்ட் டேட் செக் என்று பேர். செங்கோட்டையனின் மேஜை இழுப்பறை திறந்தால் மூடாது, அவ்வளவு செக்.

"உங்க பசங்க நாலு பேரும் கிண்ணுனு இருக்காங்க சம்பந்தி. அவியளே வந்து நாலு பையை ரொப்பிடுவாங்க. மிச்சம் ஆறுதானுங்க" என்றார் லிங்கசாமி.

செங்கோட்டையன் ஒரு செக்கைப் பிடித்த கையோடு நிமிர்ந்தார்.

"சித்த நில்லுங்க. எங்க பசங்க என்ன கூட்டம்?"

கூட்டம் என்றால் அந்தப் பக்கத்தில் குலம். ஒரே கூட்டத்தார் எல்லோரும் அண்ணன் தம்பி, அக்கா தங்கை, அதாவது பங்காளிகள். எந்த ஊரில் இருந்தாலும், முகமே பார்த்திராவிட்டாலும், அதற்குள் பெண் கொடுப்பதும் இல்லை, எடுப்பதும் இல்லை.

"காடைக் கூட்டமுங்க" என்றார் லிங்கசாமி.

"புள்ள மயிலாத்தா?"

"அதுவும் காடைதானுங்க. நாங்க ஆந்தை. அதெல்லாம் பாத்துத்தானுங்களே பேசுனோம்?"

"காடை ரத்தம் மாப்பிள்ளை ஒடம்புல ஏறிப் போச்சுன்னா மாப்பிள்ளை என்ன கூட்டம்? அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் நான் கண்ணாலம் பண்ணி வெக்கணுமா?"

"ஒரு கரண்டி வண்டல்தானுங்க, சம்பந்தி!"

"ஒரு அண்டாப் பாலு தயிராகறதுக்கு எத்தனை மோரு ஊத்துவீங்க?"

லிங்கசாமி மனசுக்குள் அண்டாவையும் மோரையும் எடை போட்டுப் பார்த்தார். தயிர் உறைவது நிஜம்தானே. ரத்தத்தை உறைய வைக்கத்தான் இத்தனை பாடும்.

"எனக்கு மாப்பிள்ளை மேல கோவம் ஒண்ணுமில்ல. யாரு ரத்தம் வேணும்னாலும் ஏத்துங்க. பத்துல ஒண்ணு காடைன்னு என்ற காதுல விழுந்துச்சுன்னா, வெத்தலை பாக்கு திரும்பி வரும். ஆமா" என்றார் செங்கோட்டையன்.

சரி, சொந்த ஆந்தைக் கூட்டத்தையே கேட்கலாம் என்று லிங்கசாமி பங்காளி வீடுகளுக்குக் கிளம்பினார். ஒருவர் பழனிக்கு மாலை போட்டிருந்தார். ஒருவருக்குச் சர்க்கரை, அது அன்று காலைதான் கண்டுபிடித்ததாம். ஒருவர், "குடுக்கறதுல ஒண்ணுமில்லண்ணா, ஆனா போனது திரும்பி ஊறுமான்னு யோசிக்கறேன்" என்று யோசித்துக்கொண்டே பின்கட்டுக்குப் போனவர், வரவில்லை. இன்னொருவர் காப்பி கொடுத்தார். ஆறுச்சாமி என்கிற தூரத்து உறவுக்காரர், அவர் தூரன் கூட்டம், வாசலிலேயே நின்று, "நாங்க வேற கூட்டமாச்சுங்களேண்ணா" என்று கதவை மூடினார்.

இரண்டு நாளில் செங்கோட்டையன் சொன்ன நியாயம் நல்லூர் வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. ரத்தம் கொடுத்தால் கொடுத்தவரும் வாங்கியவரும் பங்காளி. இதைக் கேட்டதும் யாரோ ஒரு புத்திசாலி அடுத்த கணக்கைப் போட்டிருக்கிறான்.

மறுநாள் காலை லிங்கசாமி பல் விளக்கிக்கொண்டு வெளியே வந்தால், வாசலில் ஒரு கூட்டம். ரேஷன் கடை மாதிரி வரிசை. முதல் ஆள் ஆறுச்சாமி. சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி விட்டிருந்தார்.

"எத்தனை பாட்டிலு வேணும்னாலும் எடுத்துக்கங்கண்ணா! நம்ம குமாரசாமிக்கு இல்லாத ரத்தமா?"

"முந்தாநேத்து கதவைச் சாத்துனே?"

"முந்தாநேத்து வெறும் ஒறம்பரை, சொந்தக்காரன்தானுங்க. நாளையிலருந்து பங்காளி பாருங்க." ஆறுச்சாமியின் கண் லிங்கசாமியைத் தாண்டி குடோன் பக்கம் போனது. "ஏனுங்கண்ணா, இந்த குடோனு நீளவாக்குல எத்தனை அடி இருக்குமுங்க?"

அப்போதுதான் லிங்கசாமிக்கு உறைத்தது. பங்காளி என்றால் சொத்தில் பங்கு உண்டல்லவா! வரிசை தெருமுனை திரும்பிப் பிள்ளையார் கோயில் வரை போயிருந்தது. மனைவி தெய்வாத்தாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "இத்தனை பேருக்கும் பங்கு பிரிச்சா ஆளுக்கு ஒரு மூட்டைத் துண்டுத்துணிகூடத் தேறாதுங்களே!" என்று தலையில் கை வைத்தாள்.

வியாபாரத்தில் சரக்கே இல்லாத நாளையும் பார்த்தவர் லிங்கசாமி, சரக்கு வந்து குவிந்து விலை நாறிய நாளையும் பார்த்தவர். இரண்டும் ஒரே வாரத்தில், ஒரே வாசலில் வரும் என்றுதான் எதிர்பார்க்கவில்லை. வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, வாசல் திண்ணையில் ஏறி நின்றார்.

"ரொம்பச் சந்தோசமுங்க. எல்லாரும் பங்காளி ஆகிக்கலாம். கோயமுத்தூரு போறதுக்கு முன்னால ஒரு சின்ன சோலி. பேங்க்ல குடோன் மேல நான் வாங்குன கடன் இருக்குதுங்க. பங்காளின்னா அதுலயும் பங்கு உண்டு. உள்ள வாங்க, மொதல்ல கடனைப் பிரிச்சுக்கலாம்."

வரிசை பின்னாலிருந்து கரைந்தது. ஐந்து நிமிஷத்தில் வாசலில் நாலைந்து செருப்புகள்தான் கிடந்தன, அவசரத்தில் விட்டுப் போனவை. லிங்கசாமி அவற்றை ஜோடி சேர்த்துப் பார்த்தார். சேரவில்லை.

அன்று சாயங்காலம் ஆறுச்சாமி மட்டும் தன் செருப்பைத் தேடிக்கொண்டு வந்தார். செருப்பைப் போட்டுக்கொண்டும் போகாமல் நின்றார்.

"அண்ணா, பங்கும் வேண்டாம், கடனும் வேண்டாம். பையன் எப்படி இருக்கான்?"

"வாயே தெறக்க முடியலையாம்."

"அப்ப வாங்க. எடுக்கறத எடுக்கட்டும்."

அப்படித்தான் முதல் பை கிடைத்தது. அடுத்து குடோன் ஆட்களை வேனில் ஏற்றினார் லிங்கசாமி. துணி பிரிக்கிற பெண்கள் எல்லோரும் வந்தார்கள். விரலில் குத்திப் பார்த்து, ரத்தத்தில் இரும்பு போதாது என்று நஞ்சம்மாளைத் தவிர மற்றவர்களை வெல்லமும் கீரையும் சாப்பிடச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். லோடு ஏற்றுகிற சுக்தேவ் பீகார்க்காரன். டெய்லர் ஆரோக்கியம் அவிநாசிப் பக்கத்துக் கிறிஸ்தவர். ஒருவர் பிழைக்க வந்த ராமநாதபுரத்துக்காரர். இரண்டு பேர் மூட்டை கட்டுகிற சின்னானும் நல்லானும். எக்ஸ்போர்ட் முதலாளி திருமூர்த்தி காரில் வந்து கொடுத்தார். அவர் பின்சீட்டிலிருந்து அந்த ஜெர்மன்காரர் இறங்கி, யாரும் கேட்காமலே சட்டைக் கையை மடித்துக்கொண்டு கட்டிலில் படுத்தார். முடிந்ததும் கொடுத்த இரண்டு பிஸ்கட்டையும் சாப்பிட்டுவிட்டு, இந்தியாவில் தனக்கு நேரத்துக்கு நடந்த முதல் காரியம் இதுதான் என்றார்.

ஒன்பது.

பத்தாவதாக லிங்கசாமி தானே போய்ப் படுத்தார். டாக்டர் நாலு கேள்வி கேட்டார். எப்போதோ மஞ்சள் காமாலை வந்ததைச் சொன்னதும் எழுப்பிவிட்டார்.

"உங்க ரத்தம் ஆகாது ஐயா."

"கொஞ்சம் கம்மியா எடுத்துக்கங்க."

"கம்மி, ஜாஸ்திங்கற பேச்சில்லை. எடுக்கவே கூடாது."

"அப்ப... வேஸ்ட்டுங்களா?"

டாக்டர் அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார். வாழ்நாள் பூராவும் அந்த வார்த்தையை ஒத்துக்கொள்ளாத மனிதர், வராந்தா பெஞ்சில் சட்டைக் கையைக் கூட இறக்காமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தெய்வாத்தாள். அவளை எப்போதோ வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். மகனுக்கு இல்லாத சரக்கு தாய்க்கே பாதிதான் இருந்தது. தன் வழியாகத்தான் அவனுக்கு இது வந்தது என்று தெரிந்த நாளிலிருந்து அவள் தன் பல்வலியைக்கூட யாரிடமும் சொன்னதில்லை.

"ஒம்போதோட எடுக்க மாட்டாங்களாங்க?" என்றாள்.

"கேட்டுட்டேன். ஒரே வெலையாம்."

உள்ளே குமாரசாமி காய்ச்சலில் முனகிக்கொண்டிருந்தான்.

லிங்கசாமி திருப்பூருக்குத் திரும்பி, தெரிந்தவர், தெரியாதவர், எதிரில் வந்தவர் எல்லோரையும் கேட்டார். தகுதியாக ஒரு ஆள் சிக்கினான். இரண்டாவது கேள்வியிலேயே அவனும் காடைக் கூட்டம் என்று தெரிந்தது. கும்பிடு போட்டுவிட்டு வந்தார். மறுநாள் மத்தியானம், வெறுங்கையை எப்படிக் காட்டுவது என்று ஆஸ்பத்திரிப் படியில் தயங்கி நின்றபோது டாக்டரே எதிரே வந்தார்.

"எங்கே போயிட்டீங்க? பத்தாவது பை நேத்தே வந்துடுச்சு. நாளைக்குக் காலையில பல்லை எடுக்கறோம்."

"யாருங்க குடுத்தது?"

"பேர் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க."

வியாபாரத்தில் யார் கொடுத்த சரக்கு என்று தெரியாமல் உள்ளே இறக்குகிற வழக்கம் லிங்கசாமிக்கு இல்லை. ஆனால் அன்றைக்கு வாயைப் பொத்திக்கொண்டார்.

பல் வெளியே வந்தது. அவ்வளவு ஆர்ப்பாட்டம் பண்ணிய பல், பார்த்தால் ஒரு புளியங்கொட்டை அளவுதான் இருந்தது. குமாரசாமி வாய் நிறையப் பஞ்சைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தான். ரத்தம் நின்றதா இல்லையா என்பது சாயங்காலம்தான் தெரியும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் செங்கோட்டையன் ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியுமாக வந்தார். பின்னாலேயே மயிலாத்தாள். உட்கார்ந்ததும் உட்காராததுமாக விசாரணை ஆரம்பித்தது.

"யாரு யாரு குடுத்தாங்க?"

லிங்கசாமி வரிசையாகச் சொன்னார். செங்கோட்டையன் ஒவ்வொரு பேருக்கும் ஒரு விரலை மடக்கினார். ஜெர்மன்காரர் வந்ததும் விரல் நின்றது.

"அவரு என்ன கூட்டம்?"

"கேக்கலைங்க. ஆனா அந்தக் கலருக்கு நம்ம பக்கத்துல யாரும் இல்லீங்க."

"சரி. ஒம்போது. பத்தாவது?"

"தெரியலைங்க, சம்பந்தி."

"தெரியாதா? தெரியாத சரக்கை உள்ள எறக்குனீங்களா? வேஸ்ட் யாவாரி பேசற பேச்சா இது?"

"அது நானுங்க, பெரியப்பா" என்றாள் மயிலாத்தாள்.

கட்டிலிலிருந்து பஞ்சுக்குள்ளே ஒரு "ம்?" வந்தது.

"டாக்டரம்மா என்ற கம்பெனிக்குப் போன் பண்ணலீங்க. நானாத்தான் கேட்டேன். ஒண்ணு கொறையுதுன்னாங்க. ஷிப்ட் முடிஞ்சு பஸ் ஏறி வந்து குடுத்துட்டுப் போயிட்டேன்."

செங்கோட்டையன் சாத்துக்குடிப் பையை மடியில் வைத்துக்கொண்டு சாய்ந்துவிட்டார்.

"போச்சு. அண்ணந்தம்பி ரத்தம் போனாலே ஆகாதுன்னு நான் சொன்னேன். இது கட்டிக்கப் போறவ ரத்தமே போயிருக்கு! இனி இவ இவளையே கட்டிக்கற மாதிரியாயிப்போச்சு! சம்பந்தி, மன்னிச்சுக்கங்க. சொன்ன சொல்லு சொன்னதுதான். வெத்தலை பாக்கு திரும்புது."

தெய்வாத்தாள் முந்தானையை வாயில் வைத்தாள். மயிலாத்தாள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். குமாரசாமி எழுந்து உட்காரப் பார்த்தான். அவள் ஒரு கையால் அவனை அழுத்திப் படுக்க வைத்தாள்.

லிங்கசாமி சம்பந்தியின் முகத்தைப் பார்க்க முடியாமல் கண்ணைத் தாழ்த்தினார். கண் போய் நின்ற இடம் செங்கோட்டையனின் சட்டைப் பை. மெல்லிய வெள்ளைத் துணிக்குள் நாலைந்து காகிதம்.

"சம்பந்தி, பையில என்னுங்க அது?"

"செக்கு. வர்ற வழியில வசூல். அதுக்கென்ன இப்ப?"

"என்ன தேதிங்க போட்டிருக்கு?"

"ஜனவரி இருபத்தெட்டு."

"இன்னிக்கு நவம்பருதானுங்களே. ஜனவரிக் காயிதத்தை வாங்கிட்டு இன்னிக்கே நூலைக் குடுத்துட்டீங்களா? அது செல்லுமுங்களா?"

"ஏன் செல்லாது? ஊரே அதுலதானே ஓடுது? கேக்கறது பாரு!"

"சரிங்க. ஒரு புள்ள தாலி கட்டிக்கிட்டா அப்பறம் எந்தக் கூட்டம்?"

"புருசன் கூட்டம். பச்சக் கொழந்தைக்கும் தெரியும்."

"அப்ப தை மாசத்துல மயிலாத்தா ஆந்தை."

"ஆமா... கண்ணாலம் நடந்தா."

"அவ குடுத்தது தை மாசத்து ரத்தமுங்க, சம்பந்தி. சரக்கை ஐப்பசியிலயே வாங்கிக்கிட்டோம், அவ்வளவுதான். போஸ்ட் டேட் செக்கு."

செங்கோட்டையனின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய் அந்தக் காகிதங்களைத் தொட்டுப் பார்த்தது. செல்லாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பல்லடத்தில் அவருடைய இழுப்பறை மொத்தமும் அந்த நிமிஷமே எடைக்குப் போடுகிற காகிதம். அதை எடைக்கு வாங்குகிற ஆளும் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறான்.

செங்கோட்டையன் செருமினார்.

"எல்லாச் செக்கும் பாஸாகறதில்ல, சம்பந்தி. திரும்பி வர்றதும் உண்டு."

மயிலாத்தாள் யாரையும் கேட்கவில்லை. ட்யூப்லைட்டுக்கு நேராகக் குமாரசாமியின் முகத்தைத் திருப்பினாள். "ஏனுங்க, ஆ காட்டுங்க" என்றாள். அவன் காட்டினான். பஞ்சை எடுத்தாள். காலர் தையலைப் பார்க்கிற அதே பார்வை, புருவத்தைச் சுருக்கி, இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம். பெரியப்பா, மாமனார், மாமியார் மூன்று பேரும் அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்கள்.

"நின்னுடுச்சுங்க, பெரியப்பா" என்றாள். "பாஸ்."

வாசலில் பிலோமினா டாக்டரின் குரல் கேட்டது. "பஞ்சை எடுக்கச் சொன்னது யாரு?"

மயிலாத்தாள் பஞ்சை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். டாக்டர் அவளை விலக்கிவிட்டுத் தானும் டார்ச் அடித்துப் பார்த்தார். பார்த்துவிட்டுத் திட்டவில்லை. புதுப் பஞ்சு வைத்தார்.

செங்கோட்டையன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"தேதி தள்ளிப் போகக் கூடாது, சொல்லிப்போட்டேன். தை வரைக்கும் என்னத்துக்கு? கார்த்திகையிலயே ஒரு முகூர்த்தம் பாருங்க. ரொம்ப நாளைக்குச் செக்கைக் கையில வெச்சிருந்தா எனக்குத் தூக்கம் வராது." ஹார்லிக்ஸ் பாட்டிலை மாப்பிள்ளையின் தலைமாட்டில் வைத்துவிட்டு, போகிற போக்கில் குமாரசாமியின் கையை ஒரு தரம் தட்டிக்கொடுத்தார்.

எல்லோரும் போனபின் லிங்கசாமி டாக்டரின் அறைக் கதவைத் தட்டினார்.

"டாக்டரம்மா, ஒரு சந்தேகமுங்க. அந்தப் பத்துப் பையிலயும் அடியில நின்ன வண்டலைத்தான் எடுத்தீங்க. மேல நின்ன தண்ணி என்னாச்சுங்க?"

"ஃப்ரீஸர்ல இருக்கு. அதுல வேற மருந்து எடுக்கலாம், தீக்காயக்காரங்களுக்கு ஆகும். ஆனா எங்க ஒரு ஆஸ்பத்திரி சரக்கை மட்டும் வெச்சு ஒண்ணும் நடக்காது. ஊர் ஊரா இருக்கறதைச் சேர்த்து, உறைஞ்சது உருகாம கொண்டுபோய்க் குடுக்க ஆள் வேணும். அப்படி யாரும் இல்லை."

லிங்கசாமி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு நாளாகச் சுருட்டியே இருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"ஐஸ் வண்டி ஒண்ணு என்ன வெலைக்கு வருமுங்க?" என்றார்.